ஆப்பிள் பை: அடி மாவு சொதசொதக்காமல் வேகவைக்க

ஆப்பிள் பை என்பது மாவு ஓட்டுக்குள் ஆப்பிள் பூரணம் நிரப்பி, மேலேயும் மாவால் மூடி ஓவனில் வேகவைக்கும் பலகாரம். ஆறிய ஆப்பிள் பையில் முதல் துண்டை வெட்டி எடுத்ததும் அதைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். மேல்மூடி எவ்வளவு பொன்னிறமாக இருந்தாலும், பை வெந்ததா என்று சொல்வது அடிதான். சரியாக வெந்த அடி பிஸ்கட்டின் அடிப்பக்கம் போலப் பழுப்பாக இருக்கும். நகத்தால் தட்டினால் கெட்டியாகச் சத்தம் வரும். ஓரத்தைப் பிடித்துத் துண்டைத் தூக்கினால் முனை தொங்காது.

கெட்டுப்போன அடி மூன்று விதம். வெள்ளையாக, கொழுக்கட்டை மாவு போல வழவழப்பாக, மென்றால் பல்லில் ஒட்டினால் அது வேகாத மாவு. அடியில் நிறம் வந்திருந்தும் சாறு இறங்கி, டீயில் தோய்த்த ரஸ்க் போல இருந்தால் அது ஊறிய மாவு. இறக்கிய அன்று மொறுமொறுவென்று இருந்து, மறுநாள் மெத்தென்று ஆகிவிட்டால் அது நமுத்த மாவு. மூன்றுக்கும் காரணம் வேறு. செய்ய வேண்டியதும் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் வெண்ணெய் அளவையும் தண்ணீர் அளவையும் மாற்றிக்கொண்டே இருப்பதால்தான் பலருக்குப் பத்தாவது பையும் முதல் பையைப் போலவே வருகிறது. வீட்டு ஓவன்களில் மிக அதிகமாக நடப்பது முதல் வகை. அதற்குக் காரணம் மாவின் அளவுகளில் இல்லை. அடியில் சூடு போதவில்லை, அவ்வளவுதான்.

பூரணத்தைத் தொடும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மாவு ஈரமாக, பளபளப்பாக இருப்பது இயல்பு. எந்தப் பழப் பையிலும் அது இருக்கும். அந்தப் படலம் அடி மாவின் பாதித் தடிமனைத் தாண்டினால்தான் கவலைப்பட வேண்டும்.

அடியில் என்ன நடக்கிறது

ஒரு கிலோ ஆப்பிள் துண்டில் ஏறக்குறைய 850 மி.லி. தண்ணீர் இருக்கிறது. சர்க்கரை பட்டதும் அதில் கொஞ்சம் வெளியே வரும். சூடு ஏறியதும் இன்னும் வரும். கீழே இருப்பதோ மைதா, வெண்ணெய், சிறிது தண்ணீர் சேர்ந்த பச்சை மாவு. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். மைதாவில் உள்ள மாவுச்சத்து ஈரத்தை வாங்கி இறுகுவதற்கு 60 டிகிரிக்கு மேல் போக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாவுக்குக் காவல் இல்லை. கொழுப்பு உருகியிருக்கும், மாவு இன்னும் பிடித்திருக்காது, மேலே சாறு தேங்கி நிற்கும். அந்த நேரத்தை எவ்வளவு சுருக்குகிறோமோ அவ்வளவுக்கு அடி பிழைக்கும்.

அடுத்தது, தண்ணீர் கொதித்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது. பூரணத்தில் ஈரம் இருக்கும்வரை அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மாவும் அந்த அளவிலேயே நிற்கும். மாவு பழுப்பேறி மொறுமொறுப்பாக 140 டிகிரியாவது வேண்டும். அந்தச் சூடு மேலிருந்து பூரணத்தைக் கடந்து வரவே வராது. தட்டின் வழியாகக் கீழிருந்துதான் வந்தாக வேண்டும். ஆகவே மாவை எடுப்பதற்கு முன் தட்டையும் ஓவனையும் சரிபார்ப்பதே முறை.

தட்டு

23 செ.மீ. விட்டம், 4 செ.மீ. ஆழம், சாய்ந்த சுவர் உள்ள அலுமினியத் தட்டு போதும். பை தட்டு கிடைக்காவிட்டால் அதே அளவு மெல்லிய அலுமினியக் கேக் டின் பயன்படும். அலுமினியம் கண்ணாடியைவிட நூறு மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது. வெளிப்புறம் மங்கலாக அல்லது கறுப்பாக இருந்தால் இன்னும் நல்லது. பளபளக்கும் பரப்பு சூட்டைத் திருப்பி அனுப்பிவிடும். எவர்சில்வர் தட்டு அலுமினியத்துக்கு ஈடாகாது என்றாலும், மெல்லியதாக இருந்தால் சமாளிக்கலாம்.

கண்ணாடித் தட்டு சூடேறத் தாமதமாகும். ஆனால் அடியின் நிறத்தை நேரில் பார்க்கலாம் என்ற வசதி அதில் உண்டு. 10 முதல் 15 நிமிடம் கூடுதலாக வைத்தால் அதிலும் நல்ல அடி வரும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடித் தட்டைக் காய்ந்த இரும்பின்மேல் வைத்துவிடாதீர்கள், வெடித்துச் சிதறும். தடித்த பீங்கான் தட்டு மேசையில் அழகாக இருக்கும்; அடி வேக அதுதான் மிக மோசம். கடையில் கிடைக்கும் ஃபாயில் தட்டு மெல்லியது, பூரணத்தின் எடையில் வளையும். அதைக் காய்ந்த தட்டின்மேல் அமர்த்தியே வேகவைக்க வேண்டும்.

ஓவன்

ஓ.டி.ஜி. எனப்படும் சிறு மின்சார ஓவனில் (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்தது) மேலும் கீழும் சூடேறும் கம்பிகள் உண்டு. பைக்கு அது நல்ல அமைப்பு. குறைந்தது 25 நிமிடம், 220 டிகிரியில், இரண்டு கம்பியும் எரியும்படி முன்சூடு செய்ய வேண்டும். குமிழில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். ஓவனுக்குள் வைக்கும் சிறு தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி உள்ளே தொங்கவிட்டால், 220-இல் வைத்தது உள்ளே 190-தான் காட்டுகிறது என்பது போன்ற உண்மைகள் தெரியவரும். பல நாள் கோளாறு இதிலேயே தீர்ந்துவிடும்.

மின்னழுத்தம் குறைவாக உள்ள ஊர்களில் இன்னொரு கணக்கும் உண்டு. கம்பி தரும் சூடு மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 200 வோல்ட் வந்தால் கிடைப்பது முக்கால் பங்குச் சூடுதான். மாலையில் வோல்டேஜ் இறங்கும் தெருவாக இருந்தால் பையைக் காலையில் வேகவைப்பது நல்லது.

அடிக்குச் சூடு கூட்ட நம் சமையலறையிலேயே நல்ல கருவி இருக்கிறது: இரும்புத் தோசைக்கல். மரப்பிடியோ பிளாஸ்டிக் பிடியோ இல்லாத, 25 செ.மீ. அளவுக் கல்லை ஓவனின் கீழ்நிலையில் உள்ள கம்பித் தட்டின்மேல் வைத்து, முன்சூடு தொடங்கும்போதே காயவிட வேண்டும். பைத் தட்டை அதன்மேல் வைத்ததும், கல்லில் சேர்ந்திருக்கும் சூடு ஒரே மூச்சில் அடிக்குப் போகும். மாவு பலவீனமாக இருக்கும் அந்த முதல் பத்து நிமிடம் வேகமாகக் கடந்துவிடும். தனியாக விற்கும் பீட்சா கல் செய்யும் வேலையும் இதுவே. கல்லில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் புகையும். முன்னதாகத் தேய்த்துக் காயவைத்துக்கொள்ளுங்கள்.

கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை மிகுதி. அதில் சூடான காற்று பின்பக்க விசிறியிலிருந்து வருகிறது. பெரும்பாலான மாடல்களில் கீழே கம்பியே கிடையாது. சுழலும் கண்ணாடித் தட்டின்மேல் நேராக வைத்தால் அடி வேகாமலே போகும். தாழ்ந்த கம்பி ஸ்டாண்டின்மேல் தடித்த அலுமினியத் தட்டு ஒன்றை வைத்து, அது எட்டும் அதிகபட்ச வெப்பத்தில் 20 நிமிடம் காயவிட்டு, அதன்மேல் பையை அமர்த்த வேண்டும். கனமான தோசைக்கல் சுழல்தட்டின் தாங்கும் எடையைத் தாண்டக்கூடும், ஆகவே இங்கே அலுமினியமே சரி. உலோகம் வைக்கும்போது கன்வெக்‌ஷன் மட்டும் ஓட வேண்டும். மைக்ரோவேவோ இரண்டும் கலந்த முறையோ ஓடக் கூடாது.

மாவு

மேலும் கீழும் மூடிய ஒரு பைக்கு: மைதா 300 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம், உப்பு 5 கிராம், சர்க்கரை 10 கிராம், ஐஸ் தண்ணீர் 80 முதல் 100 மி.லி. வரை. எடையில் மூன்று பங்கு மாவு, இரண்டு பங்கு கொழுப்பு, ஒரு பங்கு தண்ணீர் என்பது பழைய கணக்கு. உப்பு வெண்ணெய்தான் வீட்டில் இருக்கிறது என்றால் தனியாக உப்புப் போட வேண்டாம்.

கடையில் விற்கும் வெண்ணெயில் 80 சதவீதம் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். தயிர் கடைந்து எடுத்த வீட்டு வெண்ணெயில் மோர் இன்னும் அதிகம் தங்கியிருக்கும். அதைக் குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று முறை அலசி, மெல்லிய துணியில் கட்டிப் பிழிந்து, ஃப்ரிட்ஜில் இறுக விட்ட பிறகே எடை போட வேண்டும். இல்லையென்றால் மாவில் கணக்கில்லாத தண்ணீர் சேரும், மாவு சப்பாத்தி போல இழுவையாகும். நெய்யில் தண்ணீரே இல்லை. அதில் செய்தால் நெய் பிஸ்கட் போலப் பொலபொலவென்று உதிரும். அடிக்கு அது கெடுதல் இல்லை, ஆனால் உருட்டித் தூக்கும்போது உடையும்.

அடிக்கும் மூடிக்கும் ஒரே மாவு எடுக்காமல் இரண்டாகப் பிசைவதுதான் இந்தப் பதிவில் நான் மிகவும் வலியுறுத்துவது. ஒரு கிண்ணத்தில் 165 கிராம் மைதாவும் 110 கிராம் வெண்ணெயும், இன்னொன்றில் 135 கிராம் மைதாவும் 90 கிராம் வெண்ணெயும். உப்பையும் சர்க்கரையையும் இரண்டிலும் பிரித்துக்கொள்ளலாம். முதல் கிண்ணம் அடிக்கு. இதில் வெண்ணெயை முழுக்கத் தேய்த்து, புட்டுக்குப் பிசிறிய மாவு போல ஆக்க வேண்டும்; பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும், கட்டி எதுவும் தெரியக் கூடாது. மாவுத் துகள்மேல் கொழுப்பு பூசிக்கொள்வதால் தண்ணீர் எளிதில் உள்ளே போகாது, சாறும் போகாது. இதற்குத் தண்ணீரும் குறைவாகவே பிடிக்கும், 40 முதல் 45 மி.லி. போதும். இரண்டாவது கிண்ணம் மூடிக்கு. இதில் பட்டாணி அளவு வெண்ணெய்த் துண்டுகள் அங்கங்கே நிற்கும்போதே நிறுத்திவிட்டு 45 மி.லி. தண்ணீர் தெளித்துச் சேர்க்க வேண்டும். அந்தத் துண்டுகள் ஓவனில் உருகி, அவற்றிலுள்ள நீர் ஆவியாகி, அடுக்கடுக்காகப் பிரியும். பட்டாணி வெண்ணெய் உள்ள மாவை அடியில் போட்டால் உருகிய இடமெல்லாம் சாறு இறங்கும் வழியாகிவிடும்.

கோடையில் நம் சமையலறை 33, 34 டிகிரி. வெண்ணெய் மேசையில் இருக்கும்போதே இளகும். ஒரு செ.மீ. துண்டுகளாக நறுக்கி 15 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். மைதாவும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். கைச்சூடு அதிகம் உள்ளவர்கள் மிக்ஸியின் பெரிய ஜாரில், ஓட்டி உடனே நிறுத்தி, ஐந்தாறு முறை விட்டு விட்டு ஓட்டலாம். தொடர்ந்து ஓட்டினால் சூடாகி வெண்ணெய் கசியும். கிரானைட் மேடையில் ஐஸ் வைத்த தட்டைப் பத்து நிமிடம் வைத்துவிட்டு, ஈரம் துடைத்து, அந்த இடத்தில் உருட்டினால் மாவு இளகாது. நடுவில் மாவு கையில் ஒட்டத் தொடங்கினால் இன்னும் மைதா தூவிச் சமாளிக்க வேண்டாம். திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

இரண்டு மாவையும் தட்டையாக்கி, சுற்றி, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஓய்வு கொடுத்த பிறகு உருட்ட வேண்டும். அடிக்கு 30 செ.மீ. வட்டம், 3 மி.மீ. தடிமன், இரண்டு சப்பாத்தியை அடுக்கினால் வரும் அளவு. அதற்கு மேல் தடித்தால் சூடு ஊடுருவ நேரமாகும், மெலிந்தால் கிழிந்து சாறு தட்டில் இறங்கி எரியும். தட்டில் போடும்போது இழுக்காமல், மடித்துத் தூக்கி, மூலையில் தானாக விழவிட்டு அழுத்துங்கள். இழுத்த மாவு ஓவனில் சுருங்கும்; சுருங்கினால் ஓரம் சரிந்து சாறு வெளியே வழியும். தட்டோடு மீண்டும் அரை மணி நேரம் குளிர வேண்டும். பூரணத்தோடு பச்சையாக வேகப்போகும் அடியில் முள்கரண்டியால் குத்தக் கூடாது. துளை விழுந்தால் சாறு அடிக்கும் தட்டுக்கும் நடுவில் புகுந்து நிற்கும்.

பூரணம்

தோலும் விதைப்பகுதியும் நீக்கிய ஆப்பிள் ஒரு கிலோ (முழு ஆப்பிளாக 1.2 கிலோ வாங்க வேண்டும்), சர்க்கரை 130 கிராம், எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, பட்டைத் தூள் 1 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, வெண்ணெய் 20 கிராம், கார்ன்ஃப்ளோர் 2 மேசைக்கரண்டி (16 கிராம்). ஆப்பிளை 7 மி.மீ. தடிமனில் நறுக்குங்கள். புளிப்பான பச்சை ஆப்பிள் வெந்தாலும் வடிவம் கலையாது. நம் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சிவப்பு ஆப்பிளில் பலவும் இனிப்பு மிகுந்து புளிப்புக் குறைந்தவை, சீக்கிரம் குழையும். அவற்றுக்குச் சர்க்கரையை 100 கிராமாகக் குறைத்து, எலுமிச்சைச் சாற்றை 2 மேசைக்கரண்டியாகக் கூட்ட வேண்டும்.

வதக்காத ஆப்பிளை அப்படியே அடுக்கி மூடும் செய்முறைகள் நிறைய உண்டு. சூடு குறைவான சிறிய ஓவனுக்கு அவை ஒத்துவராது. எல்லாத் தண்ணீரும் மாவுக்கு மேலேயே வெளியேறும். துண்டுகள் சுருங்கி, மூடிக்கும் பூரணத்துக்கும் நடுவில் இடைவெளி விழும். அங்கே ஆவி தங்கி மூடியின் உட்புறமும் ஈரமாகும். முன்னதாக வதக்கிவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை.

அகலமான வாணலியில் ஆப்பிள், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, உப்பு சேர்த்து, சிறு தீயில் மூடி 8 முதல் 10 நிமிடம் வையுங்கள். சிவப்பு ஆப்பிளுக்கு 5 நிமிடம். கொதிக்க விட வேண்டாம். 60 முதல் 70 டிகிரி வரையில் மெதுவாகச் சூடேறும் ஆப்பிளில் உள்ள பெக்டின் உறுதிப்பட்டு, பிறகு ஓவனில் எவ்வளவு வெந்தாலும் துண்டு கூழாகாமல் நிற்கும். துண்டு வளைய வேண்டும், உடையக் கூடாது, அதுதான் பதம். வடிகட்டியில் கொட்டி 15 நிமிடம் வடிய விட்டு, வடிந்த சாற்றை மட்டும் வாணலியில் பாதியாக வற்றவைத்து, வெண்ணெய் சேர்த்து, 2 மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்த கார்ன்ஃப்ளோரை ஊற்றிக் கிளறி, கொதி வந்து ஒரு நிமிடம் ஆனதும் இறக்கிவிடுங்கள். கஸ்டர்டைவிடக் கெட்டியாக இருக்கும். அதை ஆப்பிளோடும் பட்டைத் தூளோடும் புரட்டி, அகலத் தட்டில் பரப்பி முழுக்க ஆறவிட வேண்டும். வெதுவெதுப்பாக மாவில் கொட்டினாலும் வெண்ணெய் உருகி அடி அங்கேயே கெட்டுப்போகும்.

கார்ன்ஃப்ளோர் என்பது மக்காச்சோளத்தின் வெள்ளை மாவுச்சத்து. மளிகைக் கடையில் சோளமாவு என்று கேட்டால் மஞ்சள் நிற மக்காச்சோள மாவையும் கொடுப்பார்கள். அது கெட்டிப்படுத்தாது, நறநறக்கும். கார்ன்ஃப்ளோர் இல்லாவிட்டால் ஜவ்வரிசியை மிக்ஸியில் நைசாகப் பொடித்துச் சேர்க்கலாம். மரவள்ளி மாவுச்சத்து என்பதால் பூரணம் கண்ணாடி போலத் தெளிவாக வரும். புளிப்பான சாற்றில் கார்ன்ஃப்ளோரை நெடுநேரம் கொதிக்கவிட்டால் மறுபடியும் நீர்த்துவிடும், ஆகவே ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

தடுப்புப் பூச்சு

அடித்த முட்டை வெள்ளையை அடி மாவின்மேல் மெல்லப் பூசி ஐந்து நிமிடம் உலரவிடுவது எளிய வழி. சூடு பட்டதும் அது இறுகிப் படலமாகும். முட்டை சேர்க்காதவர்கள் 1 மேசைக்கரண்டி மைதாவும் 1 மேசைக்கரண்டி சர்க்கரையும் கலந்து தூவலாம், அல்லது பொடித்த ரஸ்க் 2 மேசைக்கரண்டி. முந்திரி அல்லது பாதாம் பொடி தூவினால் ருசியும் கூடும். சூடாக்கி இளக்கிய ஜாமை மெல்லிய பூச்சாகவும் தடவலாம்.

இவற்றில் எதுவும் சூட்டுக்கு மாற்று இல்லை. ரஸ்க் தூள் ஒரு பங்குச் சாற்றை உறிஞ்சி நேரம் வாங்கித் தரும். அந்த நேரத்துக்குள் அடி வெந்தால்தான் பயன். உருக்கிய சாக்லேட் பூசும் யோசனை முழுக்க வெந்து ஆறிய ஓட்டில் குளிர்ந்த கிரீம் நிரப்பும் பைக்கு மட்டுமே. ஓவனில் அது உருகி ஓடிவிடும்.

மூடி, வேகவைத்தல்

பூரணத்தை நடுவில் சற்று மேடாக நிரப்பி, மூடியை வைத்து, ஓரங்களைச் சேர்த்து மடித்து, சோமாஸ் ஓரம் போல முறுக்கிக்கொள்ளலாம். மூடியில் 4 செ.மீ. நீளத்தில் ஐந்து கீறல்கள் வேண்டும். அழகுக்காக இரண்டு சிறு துளை மட்டும் போட்டால் ஆவி போகாது. கீற்றுகளாகப் பின்னிய மூடி போட்டால் ஆவி இன்னும் தாராளமாக வெளியேறும். மூட்டிய பையை 20 நிமிடம் ஃப்ரீசரில் வைத்து (கண்ணாடித் தட்டு என்றால் ஃப்ரிட்ஜில்), பால் அல்லது அடித்த முட்டை தடவி, காய்ந்த கல்லின்மேல் வையுங்கள். கண்ணாடித் தட்டை மட்டும் கல்லின்மேல் வைக்காமல், கம்பித் தட்டின்மேல் வையுங்கள்.

முதல் 20 நிமிடம் 220 டிகிரி. பிறகு 190 டிகிரிக்குக் குறைத்து 35 முதல் 40 நிமிடம். சிறிய ஓ.டி.ஜி.யில் மேல்கம்பி மூடிக்கு மிக அருகில் இருக்கும். அதில் முதல் 25 நிமிடம் கீழ்க்கம்பியை மட்டும் எரியவிட்டு, பிறகு இரண்டையும் போடுங்கள். மூடி சீக்கிரம் சிவந்துவிட்டால் அலுமினியம் ஃபாயிலைத் தளர்வாக மேலே போட்டுத் தொடர வேண்டும். 35-ஆவது நிமிடத்தில் மேல்நிறத்தைப் பார்த்து ஏமாந்து எடுப்பதுதான் வேகாத அடிகளில் பாதிக்குக் காரணம்.

எடுக்கும் நேரத்துக்கு அடையாளம் மூன்று. நடுக் கீறலில் சாறு கெட்டியாக, சோம்பலாகக் குமிழ் விட வேண்டும். ஓரத்தில் மட்டும் குமிழ்த்தால் போதாது. கையுறையோடு தட்டைப் பிடித்து லேசாக ஆட்டினால் பை மொத்தமாகத் தட்டிலிருந்து விலகி நகர வேண்டும். கண்ணாடித் தட்டு என்றால் அடி பழுப்பாகத் தெரிய வேண்டும். நேரத்தைவிட இந்த மூன்றையே நம்புங்கள்.

இறக்கியதும் கம்பி ஸ்டாண்டின்மேல்தான் வைக்க வேண்டும். கிரானைட் மேடையில் வைத்தால் அடிச்சூடு வெளியேற வழியில்லாமல் ஆவி தட்டுக்கடியில் நீராகும், அடியும் காற்றோட்டமின்றி வியர்க்கும். மூன்று முதல் நான்கு மணி நேரம் ஆற வேண்டும். சூட்டில் கார்ன்ஃப்ளோர் இளகித்தான் இருக்கும், ஆறும்போதுதான் பிடிக்கும். சுடச்சுட வெட்டினால் சாறு முழுவதும் வெட்டிய இடத்தில் ஓடி, நன்றாக வெந்த அடியையும் ஊறவைத்துவிடும்.

முட்டைப் பூரணம் உள்ள பைகளுக்கு

கஸ்டர்ட், பரங்கிக்காய், எலுமிச்சை, கீஷ் (முட்டையும் பாலும் சேர்ந்த உப்புச் சுவைப் பை) போன்றவை 150, 160 டிகிரியில் மெதுவாக வேக வேண்டியவை. கூடினால் முட்டை திரிந்து நீர் விடும். அந்த மிதமான சூட்டில் பச்சை அடி ஒருபோதும் வேகாது. எனவே அடி மாவை மட்டும் முதலில் வேகவைக்க வேண்டும். குளிர்ந்த மாவின்மேல் ஓவனுக்கான பேக்கிங் தாளை விரித்து (மெழுகு பூசிய பட்டர் பேப்பர் வேண்டாம், மெழுகு உருகும்), பச்சரிசியோ கொண்டைக்கடலையோ ஓரம்வரை நிரப்புங்கள். ஒரு கிலோ பிடிக்கும். அரிசி மூலை முடுக்கெல்லாம் போய்ச் சமமாக அழுத்தும். அரைக் கிண்ணம் பருப்பை நடுவில் மட்டும் போட்டால் சுவர் சரிந்துவிடும். 200 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம், ஓரம் நிறம் மாறும்வரை. தாளோடு அரிசியைத் தூக்கிவிட்டு, அடி வெளிர்பொன்னிறமாகி உலரும்வரை இன்னும் 10 நிமிடம். உடனே அடித்த முட்டையை மெல்லத் தடவி 2 நிமிடம் திரும்ப வைத்தால் சிறு விரிசல்கள் அடைபடும். அந்த அரிசியை ஆறவைத்து டப்பாவில் போட்டுவைத்தால் அடுத்தடுத்த பைக்கும் உதவும், சோற்றுக்கு ஆகாது.

பச்சை அடிக்குக் குளிர்ந்த பூரணம் என்ற விதி இங்கே தலைகீழாகும். வெந்து சூடாக இருக்கும் ஓட்டில் வெதுவெதுப்பான கஸ்டர்டை ஊற்றினால் அது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், அடியில் இறங்க நேரம் இருக்காது.

வேறு பழமும் கறியும்

அன்னாசியைச் சிறு துண்டாக்கி, சாறு வற்றிப் பாகு பதம் வரும்வரை 12 நிமிடமாவது வதக்க வேண்டும். நன்கு பழுத்த மாம்பழம் கூழாகிவிடும். செங்காயாக இருக்கும் கிளிமூக்கு மாங்காய் ஆப்பிளைப் போலவே நடந்துகொள்ளும், அதே அளவுகள் பொருந்தும். சிக்கன் பைக்கு 500 கிராம் எலும்பில்லாத வெந்த சிக்கன், 40 கிராம் வெண்ணெயில் 40 கிராம் மைதா வறுத்து 300 மி.லி. பாலோ சிக்கன் வேகவைத்த நீரோ ஊற்றிய குழம்பு. கரண்டியின் பின்புறம் பூசிக்கொண்டு வழியாமல் நிற்க வேண்டும். காளானும் கேரட்டும் சேர்த்தால் அவை விடும் நீர் முழுதும் வற்றும்வரை தனியாக வதக்கிய பிறகே குழம்பில் சேர்க்கலாம். மீந்த குருமாவை நிரப்ப நினைப்பவர்கள் அதைத் திரட்டாக வற்றவைத்து, குளிரவைத்து நிரப்புங்கள்.

கெட்டதைச் சரிசெய்ய

வேகாத அடியை இறக்கிய உடனே கண்டுகொண்டால் மீட்க முடியும். உலோகத் தட்டாக இருந்தால், மிதமான தீயில் காய்ந்த தோசைக்கல்லின்மேல் தட்டை வைத்து, நடுநடுவே திருப்பி, 4 முதல் 5 நிமிடம் விட்டால் அடி பழுப்பேறும். வெண்ணெய் பொரியும் சத்தமும் பிஸ்கட் வாசனையும் வரும். கருகல் வாசனை எட்டிப்பார்க்கும் முன் எடுத்துவிட வேண்டும். கண்ணாடித் தட்டை அடுப்பில் வைக்கவே கூடாது. அதை ஓவனில் கீழ்க்கம்பி மட்டும் எரியவிட்டு 15 நிமிடம் திரும்ப வைக்கலாம். சாறில் முழுக்க ஊறிய அடிக்கு மருந்து இல்லை.

நமுத்த பை எளிது. பழப் பையை முதல் நாள் காற்றுப் புகாத டப்பாவில் போட வேண்டாம், மெல்லிய துணியால் மூடிவைத்தால் போதும். டப்பாவுக்குள் பூரணத்தின் ஈரம் மாவுக்கு ஏறும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரமே மாவை நமுக்கச் செய்யும் என்பதால், அன்றே உண்ணும் அளவுக்குச் சிறிய பையாகச் செய்வது நல்லது. முட்டையோ கறியோ உள்ளதை ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மறுநாள் துண்டுகளைக் கம்பித் தட்டில் அடுக்கி, 170 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் வைத்து, வெளியே எடுத்து ஐந்து நிமிடம் காற்றாட விடுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கினால் பூரணத்தின் ஈரம் ஆவியாகி மாவுக்குள் ஏறி, இருந்த மொறுமொறுப்பும் போய்விடும்.